கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம்

சூசைராஜ் கடைசி வரியை வாசிக்கவில்லை.

கையிலிருந்த ஜெராக்ஸ் தாள்களை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். பாசஞ்சர் ரயில் வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. உப்பும் சேறும் கலந்த வாடை பெட்டிக்குள் நிறைந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறந்தபடி காத்திருந்தோம்.

"இன்னும் ஒரு வரி இருக்கு சூசை!" என்று கத்தினேன். நான் கத்தினால் பக்கத்துப் பெட்டிக்கும் கேட்கும். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமென்று வளர்த்த தொண்டை.

"தெரியும் மேடம்."

"அந்த வரிதான் கதையே. அத வுட்டுட்டா எப்படி?"

"நீங்களே வாசிச்சுக்குங்க. நான் வாசிக்க மாட்டன். இந்தக் கதைய எழுதுனவனுக்கு ஒண்ணுந் தெரியாது."

கிள்ளை ஸ்டேஷன் வந்ததும் வழக்கம்போல எழுந்துபோய்க் கதவருகே நின்றார். சிதம்பரத்தில் முதல் ஆளாக இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். என் ஜெராக்ஸும் அவர் பையிலேயே போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

சீசன் டிக்கெட் சபை

போன வாரம் இந்தப் பத்தியில் தேர்வுத்தாள் திருத்தும் கூத்தைப் பற்றி எழுதியபோது, எங்கள் ரயில் சபையைப் பற்றியும் ஒரு வரி சொல்லியிருந்தேன். அது என்ன சபை, பஜனை சபையா என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். ஏறக்குறைய அதுதான். சுண்டல் மட்டும் கிடையாது.

என் குடியிருப்பு கடலூர் முதுநகர். பிழைப்பு சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் நடத்துவது. காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. சிப்காட் வாடை வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்துவோம், ஆலப்பாக்கத்தில் கையை எடுப்போம். அப்படி மூக்கைப் பொத்திப் பொத்தியே பழக்கமானவர்கள்தான் நாங்கள் நான்கு பேரும்.

கலியபெருமாள் சிதம்பரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொன்னால்கூட, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று குறுக்கு விசாரணை செய்வார். ஜமீலாவுக்குப் பிறந்த ஊர் பரங்கிப்பேட்டை, வாழ்க்கைப்பட்டது முதுநகர். சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களில் வயது குறைந்தவள், பேச்சும் குறைவு. ஆனால் பேசினால் எதிராளி வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தவர் சூசைராஜ். சிதம்பரத்தில் ஒரு வங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசையின்போது வேதாகம வாசகம் வாசிப்பவர் அவர்தான். அந்தக் குரலுக்காகவே எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை அவரிடம் தள்ளிவிடுவோம்.

அவரிடம் இரண்டு விசித்திரங்கள் உண்டு. ஒன்று, ரயிலில் தூங்கவே மாட்டார். சீசன் டிக்கெட்காரர்கள் நின்றுகொண்டே தூங்குகிற ஜாதி. இவர் மட்டும் கண்ணை அகல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "தூங்கி சிதம்பரத்த வுட்டுட்டா?" என்பார். "வுட்டா என்னா மச்சான்? மாயவரம் போயி ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த வண்டியில வா" என்பார் கலியபெருமாள். சூசை சிரிக்க மாட்டார்.

இரண்டாவது, சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எந்த வேலையானாலும் அவருக்கு ஆகாது. சீர்காழிக் கிளைக்கு மேலாளராகப் பதவி உயர்வு வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே மகள் ஸ்டெல்லாவை மாயவரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார். கல்யாணம் நடந்தது கடலூரில். அதன் பிறகு சம்பந்தி வீட்டு வாசலை அவர் மிதித்ததே இல்லை. முதுகுவலி, ஆடிட்டிங், காய்ச்சல் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வார்.

இதெல்லாம் நடந்த சமயத்தில் ஸ்டெல்லாவின் கைக்குழந்தைக்கு மாயவரத்தில் ஞானஸ்நானம் என்று நாள் குறித்திருந்தார்கள். எங்கள் சபை மொத்தத்துக்கும் அழைப்பு. அப்பா இதற்கும் வரவில்லையென்றால் இனிமேல் நானும் பிறந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று மகள் போனில் சொல்லிவிட்டாளாம்.

இதையெல்லாம் சூசையிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதுங்க, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதாதீங்க மேடம் என்றார். அதையும் எழுதியிருக்கிறேன். கடைசியில் இருக்கிறது.

தாழ்ப்பாள் கட்சிகள்

ரயிலில் வாசித்த அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய பேப்பர் கடையில் கிடைத்த, பைண்டு செய்த பத்திரிகைத் தொகுப்பு ஒன்றில் இருந்தது. முதல் பக்கம் கிழிந்துபோய்விட்டது. தலைப்பும் எழுதியவர் பெயரும் அதோடு போயின. நல்லவேளையாகக் கதை போகவில்லை.

ஒரு வீட்டு மருமகள். மழை கொட்டுகிற ராத்திரி. கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது. காற்றுதான் என்று புரண்டு படுத்துவிடுகிறாள். காலையில் பார்த்தால் மாமனார் வாசலில் நனைந்து கிடக்கிறார். ஜன்னி கண்டு இறந்துபோகிறார். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. நாய் வருகிறது, திருடன் வருகிறான், ஊர் சிரிக்கிறது. போடுவதில்லை. அவளுக்குத் தூக்கமும் இல்லை. ஆண்டுகள் போகின்றன. தலை நரைக்கிறது. மறுபடி ஒரு மழை ராத்திரி. கடைசி வரியில் அவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து படுத்துத் தூங்கிவிடுகிறாள்.

அவ்வளவுதான். ஏன் போட்டாள் என்று கதை சொல்லவில்லை.

சூசை வாசிக்க மறுத்த அந்த வரியை மறுநாள் நானே வாசித்துக் காட்டினேன். மூலத் தொகுப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். முடித்ததுதான் தாமதம், பெட்டி இரண்டுபட்டது.

"மறுபடியும் கெழவன வெளில தள்ளிக் கதவ சாத்திட்டா. இது ரெண்டாவது கொலை" என்றார் கலியபெருமாள்.

"கொலையா? நல்லாருக்கே! அவ தன்னையே மன்னிச்சிக்கிட்டாய்யா!" என்று எழுந்து நின்றுவிட்டேன்.

"மன்னிக்க அவளுக்கு என்னா அதிகாரம் இருக்கு? மன்னிக்க வேண்டியவன் செத்துட்டான். கேஸ் க்ளோஸ் ஆவாது மேடம்."

"செத்துப்போனவங்க மன்னிக்க முடியாதுன்னா ஊர்ல எவனுக்குமே தூக்கம் வரக் கூடாதே!"

புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு கருவாட்டுக்காரம்மா, என்ன சொத்துத் தகராறா என்று ஜமீலாவிடம் விசாரித்தார். ஜமீலா டிபன் டப்பாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "கட்சி எதுவா இருந்தாலும் சரி அக்கா. அவ தூங்குனா இல்ல? எனக்கு அது போதும். எங்க வார்டுல தூக்கத்துக்குத்தான் எல்லாரும் அழுவுறாங்க."

இத்தனை அமளியிலும் சூசை வரவில்லை. அன்றைக்கு வேறு பெட்டியில் ஏறியிருந்தார்.

வகுப்பறையும் என் மொட்டையும்

கதைகளில் குற்ற உணர்வும் குறியீடும் என்பது நான் வருஷா வருஷம் நடத்துகிற பாடம். எனக்கு மிகவும் பிடித்த பாடமும் அதுதான். பழைய கதைகளில் தப்பு செய்தவர்கள் அழுது புலம்புவது குறைவு. ஒருவர் குளத்தில் இறங்கிக் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஒருத்தி ஒரு குறிப்பிட்ட தட்டில் மட்டும் சாப்பிட மாட்டாள். இன்னொருவர் ஒரு மரத்தடி வழியாகப் போகாமல் ஊரையே சுற்றிக்கொண்டு போவார். மனசுக்குள் இருப்பதை ஒரு சாமானிடம் கொடுத்து வைத்திருப்பார்கள். அந்தச் சாமானை என்றைக்கு மறுபடி கையில் எடுக்கிறார்களோ அன்றைக்குத்தான் விடுதலை. ஒரு வாய் சாப்பிடுவார்கள், ஒரு விளக்கை அணைப்பார்கள், கதை முடிந்துவிடும்.

இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் எகிறிவிடும். மேஜையைத் தட்டுவேன். பிள்ளைகள் பயந்துபோய் எல்லாவற்றையும் குறியீடு என்று எழுதித் தள்ளுவார்கள். வேறொரு கதையைப் பற்றி ஒரு பையன் எழுதினான்: கதையில் வரும் நாய் குற்ற உணர்வின் குறியீடு, நாய் கடைசிவரை சாகவில்லை, எனவே குற்ற உணர்வும் சாகவில்லை. முழு மதிப்பெண் போட்டேன். அந்தக் கதையில் நாயே கிடையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு குறியீடு உண்டு. எங்கள் குடும்பம் அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்புக்காரர்கள். நான் குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல் வந்து, வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டாராம். காய்ச்சல் போயிற்று. மொட்டை தள்ளிப்போயிற்று. அறுவடை, கல்யாணம், புயல் என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்று வந்து மறித்தது. ஏழு கழுதை வயதாகி, கல்லூரியில் பாடம் நடத்த ஆரம்பித்த பிறகும் எனக்கு ஒரு தும்மல் வந்தால் அம்மா என் தலைமுடியைத்தான் பார்ப்பார். "அந்த மொட்டை பாக்கி நிக்கிதுடி" என்பார்.

எங்கள் பக்கம் வேண்டுதல் என்பது அப்படி. எந்த மதமானாலும் சரி. டாக்டர் மறந்துவிடுவார், நோயாளி மறந்துவிடுவார். வேண்டிக்கொண்டவருக்கு மட்டும் மறக்காது.

ஆறிப்போன கொத்சு

சூசை ஒரு வாரமாக எங்கள் பெட்டிக்கு வரவில்லை. வாட்ஸப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டார். முதலில் கோபமாக இருந்த எனக்குப் பிறகு பயம் வந்துவிட்டது. மதிய இடைவேளையில் நேராக வங்கிக்கே போய் நின்றேன். "சாப்பிட வாங்க" என்றேன். மேலாளர் முன்னால் நான் கத்திவிடுவேனோ என்று பயந்து உடனே எழுந்து வந்துவிட்டார்.

கீழவீதிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் சொன்னோம். அது ஆவணி மாதம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் ஊர் வழியாகப் போகிற நேரம். எங்கள் கெட்ட நேரமோ நல்ல நேரமோ, இட்லி வந்ததும் வீதியில் ஒரு கூட்டம் வந்தது. காவி உடை, வெறுங்கால், தள்ளுவண்டியில் ஜோடித்த மாதா சொரூபம், ஸ்பீக்கரில் பாட்டு. கால் விரலில் துணி சுற்றிய ஒருவர் நொண்டிக்கொண்டே கடைசியாகப் போனார்.

சூசை இட்லியைப் பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு அந்த ஆளையே பார்த்தார்.

"நானும் இப்படிப் போனன் மேடம்" என்றார். "எந் தம்பி அந்தோணிக்காக."

பிறகு அவரே சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அவருக்குக் கல்யாணமாவதற்கு முந்தைய காலம். தாய் தகப்பன் இல்லை. தம்பி அந்தோணி ஒருவன்தான். அவன் மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தான். நடந்தே வருகிறேன் தாயே என்று வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டு, பங்குக் கோயில் கூட்டத்தோடு கடலூரிலிருந்து கிளம்பியிருக்கிறார். சிதம்பரம் வருவதற்குள் இரண்டு காலும் கொப்புளம். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். விடிந்ததும் கூட்டம் கிளம்ப, இவர் மெதுவாகப் பின்தங்கி, பஸ் ஏறிவிட்டார்.

"பஸ்ஸுலயே வேளாங்கண்ணி போயி மெழுவத்தி ஏத்திட்டு, கோயில் எண்ணெய் வாங்கிக்கிட்டு வந்து சேந்துட்டன். அவன்கிட்ட நடந்தே போனன்டான்னு சொன்னன். அவன் எங்காலப் பாத்தான். அய்யோ எனக்காவ இப்படி வீங்கிப் போச்சேண்ணேன்னு சொல்லிட்டு, அவனுக்குன்னு வாங்கியாந்த எண்ணெய எடுத்து எங்கால்ல தேச்சி வுட்டான் மேடம். படுக்க மாட்டாம எழுந்து ஒக்காந்து தேச்சான்."

கொத்சு ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை.

"அப்புறம் கொஞ்ச நாள்ல போயிட்டான்."

"பாவசங்கீர்த்தனம் பண்ணலையா சூசை?"

"பண்ணாம? அந்த வருஷமே பண்ணிட்டன். சாமியாரு மன்னிப்பு குடுத்துட்டாரு. நடந்து வந்தா என்னா, பஸ்ல வந்தா என்னா, மாதா பெத்தவ, அவளுக்குத் தெரியாதான்னு சொன்னாரு. மாதாவும் அன்னிக்கே வுட்டிருப்பா. எனக்குதான்..." என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப மிச்சத்த ஒரு வருஷம் நடந்து முடிச்சிருக்கலாமே?"

"யாருக்காவ? அவன்தான் இல்லியே. நடந்தாலும் அர்த்தம் இல்ல. நடக்காம வண்டியில தாண்டுனா அன்னிக்குப் பண்ணுன அதே திருட்டுத்தனம். அதான் கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமே நின்னுட்டன்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகாத மனிதர். பதவி உயர்வை விட்டவர். மகள் வீட்டு வாசலை மிதிக்காதவர். ரயிலில் கண்ணை மூடாதவர். இத்தனை வருஷம் எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நானோ குறியீட்டைத் தேடிப் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கிறேன்!

"புள்ளைக்கு என்னா பேரு வைக்கிறா தெரியுமா?" என்றார் எழுந்திருக்கும்போது. "அந்தோணி. சித்தப்பா பேரு அழிஞ்சிடக் கூடாதாம். அவளுக்கு இதெல்லாம் ஒண்ணுந் தெரியாது."

குமாஸ்தாவின் வாதம்

மற்ற இரண்டு பேரிடமும் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லிக்குங்க, மறைச்சு மறைச்சு எனக்கே அலுத்துப்போச்சு என்றார். மறுநாள் எங்கள் பெட்டிக்கு வந்துவிட்டார். ஆலப்பாக்கம் வருவதற்குள் நான் சொல்லி முடித்தேன். ஜமீலா சூசையின் தண்ணீர் பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தாள்.

கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படித் துடைத்தால் கோர்ட்டில் ஏதோ மனு தயாராகிறது என்று அர்த்தம்.

"மச்சான், நீ வேண்டிக்கிட்டது என்னா?"

"நடந்து வரேன்னு."

"எதும்மேல நடந்து வரேன்னு சொன்ன?"

"எதும்மேலயா?"

"ரோட்டு மேலயா, வரப்பு மேலயான்னு சொன்னியா? சொல்லல. சரி. ஞாயித்துக்கெழம ஞானஸ்நானத்துக்குப் போறப்ப வண்டி சிதம்பரத்த வுட்டுக் கெளம்புது. நீ பொட்டிக்குள்ள நட. இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடிக்கு, அந்தக் கோடிலேருந்து இந்தக் கோடிக்கு. கொள்ளிடம் தாண்டுற வரைக்கும் ஒக்காராத. நீ நடந்துதான் ஆத்தத் தாண்டுன. நான் சாட்சி."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சூசைக்கு முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை.

"வெளையாட்டா இருக்கா ஒனக்கு? மறுபடியும் மாதாவ ஏமாத்தச் சொல்றியா?"

"மாதாவ ஆரு ஏமாத்தச் சொன்னது?" என்றார் கலியபெருமாள். குரல் சட்டென்று தாழ்ந்துவிட்டது. "மாதா வுட்டுட்டா, சாமியாரு வுட்டுட்டாருன்னு நீயே சொல்ற. ஒந்தம்பிக்குத் தெரிஞ்சிருந்தா அவனும் அன்னிக்கே வுட்டிருப்பான். புடிச்ச புடி வுடாம நிக்கிறவன் நீ ஒருத்தன்தான் மச்சான். ஒன்னத்தான் ஏமாத்தணும்."

தாழ்ப்பாள் கதையில் மன்னிப்பே கூடாது, கேஸ் க்ளோஸ் ஆகாது என்று எகிறிய அதே மனிதர்! எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

சூசை கிள்ளையில் எழுந்தார், கதவருகே நின்றார், சிதம்பரத்தில் இறங்கினார். அந்த வாரம் முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி

அவர் மனைவி பிலோமினா சீர்வரிசையோடு முதல் நாளே வேனில் போய்விட்டார். இவர் வருவார் என்ற நம்பிக்கை அந்த அம்மாவுக்கு இல்லை. இருந்தாலும் சலவை வேட்டியை எடுத்து வைத்துவிட்டுத்தான் போனாராம்.

நாங்கள் மூன்று பேரும் முதுநகர் ஸ்டேஷனில் நின்றோம். நான் பட்டுப்புடவை. ஜமீலா கையில் குழந்தைக்கு ஒரு பொம்மை. வண்டி வந்துவிட்டது. சூசையைக் காணோம். நான் கதவில் தொங்கிக்கொண்டு பிளாட்பாரத்தைப் பார்த்தேன். வண்டி நகர்கிற நேரத்தில் சலவை வேட்டி ஒன்று படியிறங்கி ஓடி வந்தது. கலியபெருமாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வந்துட்டியா மச்சான்!"

"சிதம்பரம் வரைக்கும் வரேன்" என்றார் சூசை மூச்சு வாங்க. "அதுக்கு மேல கேக்காத."

சிப்காட்டில் மூக்கைப் பொத்தினோம், ஆலப்பாக்கத்தில் எடுத்தோம். கிள்ளை வந்தது. சூசை எழுந்து கதவருகே போனார். தூரத்தில் கோபுரம் தெரிந்தது. சிதம்பரத்தில் வண்டி நின்றது. சூசை இறங்கிவிட்டார்.

இறங்கியேவிட்டார். "சூசை!" என்று கத்தினேன். டீ விற்கிறவர் உட்பட பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது, அவர் மட்டும் திரும்பவில்லை. வண்டி ஊதியது. "அண்ணே, ஏறுங்கண்ணே!" என்று ஜமீலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகக் கூப்பிட்டாள்.

சூசை குனிந்தார். இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்தார். வெறுங்காலை ஒரு நிமிஷம் பிளாட்பாரத்தில் அழுத்தி வைத்தார். பிறகு வண்டி நகர நகர ஏறி உள்ளே வந்து, எங்களைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. திரும்பி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. ஒரு கையில் செருப்பு, ஒரு கையால் சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு. வல்லம்படுகையில் வண்டி நின்றது. அவரும் நின்றார். வண்டி கிளம்பியதும் கிளம்பினார்.

பூக்கூடையோடு வழியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, இந்த ஆள் ஏன் இப்படி அலைகிறார் என்று கேட்டார். "வேண்டுதலும்மா" என்றார் கலியபெருமாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அந்த அம்மா கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு காலை மடக்கினார். எதிரே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் பையை எடுத்து மேலே போட்டார்கள். ஒருவர் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். நடுவழி முழுக்கக் காலியாகிவிட்டது. யாருக்காக, எந்தச் சாமிக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு எங்கள் ஜில்லாவை நினைத்து எனக்கு வந்த பெருமையை எழுதி முடியாது.

சத்தம் மாறியது. பாலம். இரண்டு பக்கமும் கொள்ளிடம், மணலும் நாணலும் நடுவே ஓடுகிற தண்ணீரும். சூசை ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். உதடு மட்டும் அசைந்தது, ஜெபமா தம்பியோடு பேச்சா தெரியாது. எங்களைக் கடந்துபோன ஒரு முறை கலியபெருமாள் எழுந்து அவர் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார். ஜமீலா பொம்மையோடு எழுந்தாள். நான் மட்டும் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டு சீட்டிலா உட்கார்ந்திருப்பேன்? நாலு பேரும் ஓடுகிற ரயிலுக்குள் நடந்து கொள்ளிடத்தைத் தாண்டினோம்.

பாலம் முடிந்து சத்தம் தணிந்தது. சூசை நிற்கவில்லை. இன்னும் இரண்டு நடை நடந்தார்.

"போதும் மச்சான்" என்றார் கலியபெருமாள். "ஆத்தத் தாண்டியாச்சு."

சூசை திரும்பி ஜன்னல் வழியே பின்னால் பார்த்தார். பாலம் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. "தாண்டியாச்சா?" என்றார். செருப்பைச் சீட்டுக்கடியில் போட்டுவிட்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். ஜமீலா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். புள்ளைக்கு மொட்டை அடிச்சிருப்பாங்களா, முடி இருக்குமா என்று என்னைக் கேட்டார். சீர்காழி வந்தபோது தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது.

என் மொட்டை பாக்கி நிற்கிற வைத்தீஸ்வரன் கோயில் ஸ்டேஷன் வந்தது. அனிச்சையாகத் தலையைத் தடவிக்கொண்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பூக்கூடை அம்மாவும் திரும்பிப் பார்த்தார். சூசைராஜ் வாயைத் திறந்துகொண்டு, பெட்டி அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுதக் கூடாதென்று அவர் சொன்னது இதைத்தான்.

அவர் வெறுங்கால் இரண்டும் தரையில் கிடந்தன. கலியபெருமாள் மெதுவாக அவற்றைத் தூக்கி, தன் பக்கத்துச் சீட்டில் வைத்தார். பாதத்தில் ஒட்டியிருந்த ரயில் அழுக்கைத் துண்டால் துடைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மேடம், அந்தத் தாழ்ப்பாள் கேஸ்ல நான் அப்பீல வாபஸ் வாங்கிக்கிறன்" என்று ஆரம்பித்தார்.

ஜமீலா உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்கண்ணே. மனுசன் தூங்குறாரு."